மௌலானா ஆஸாதும் மந்திரி நாற்காலியும்

மந்திரிசபை ஒன்று அமைகிறது என்ற செய்தி பத்திரிகையில் வந்தால் நாம் முதலில் தேடுவது பெயர்களைத்தான். யாருக்கு நிதி, யாருக்கு உள்நாடு, யாருக்குக் கல்வி என்று பார்க்கிறோம். அடுத்தபடியாக, நம்மவர் எவரேனும் இருக்கிறாரா என்று பார்க்கிறோம். அது மனித சுபாவம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம்மவர் என்று நாம் சொல்லும் அந்த ஒருவரை நியமிக்கும் உரிமை யாருக்கு? மந்திரியான பின் அவர் நமக்கு மட்டும் மந்திரியா, நாட்டுக்கே மந்திரியா? இக்கேள்விகளை எண்ணிப் பார்க்க விரும்புவோர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் வாழ்க்கையைப் படித்தல் வேண்டும். அவர் மந்திரிசபையில் அமரலாமா கூடாதா என்பது, இந்தியாவின் இரண்டு பெரிய கட்சிகளுக்கிடையே தீராத வழக்காக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வரலாற்றையே நாம் இங்கு எழுதுகிறோம்.

மக்கா முதல் ராம்கர் வரை

மௌலானா அவர்கள் 1888-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி புனித மக்காவில் பிறந்தார்கள். தந்தையார் மௌலானா கைருத்தீன் இந்தியாவிலிருந்து சென்று அங்கு வாழ்ந்த மார்க்க அறிஞர். தாயார் அரபுப் பெண்மணி. பிள்ளை சிறு வயதாயிருக்கும்போதே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதிக்கவில்லை. அரபி, பாரசீகம், தர்க்கம், கணிதம் எல்லாம் வீட்டிலேயே கற்றார். பெற்றோர் இட்ட பெயர் முஹ்யித்தீன் அஹ்மத். ஆஸாத் என்பது அவரே சூட்டிக்கொண்ட புனைபெயர். விடுதலை பெற்றவன் என்பது அதன் பொருள்.

1912-ல் கல்கத்தாவிலிருந்து அல்-ஹிலால் என்னும் உருது வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அதன் எழுத்தில் இருந்த சூட்டைச் சர்க்காரால் பொறுக்க முடியவில்லை. ஜாமீன் தொகை கேட்டார்கள். கட்டிய தொகையைப் பறிமுதல் செய்தார்கள். 1914-ல் பத்திரிகை நின்றது. அடுத்து அல்-பலாக் வந்தது. 1916-ல் அவரையே வங்காளத்தை விட்டு வெளியேற்றி, ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். 1919 முடியும் வரை அங்கேதான் இருந்தார்.

வெளியே வந்ததும் கிலாபத் இயக்கத்திலும் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திலும் முன்னணியில் நின்றார். 1923-ல் டில்லியில் கூடிய விசேஷ காங்கிரஸ் மகாசபைக்கு அவர் தலைமை வகித்தபோது முப்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. 1940-ல் ராம்கர் மகாசபையில் மறுபடியும் தலைவரானார். யுத்தமும் சிறைவாசமும் குறுக்கிட்டதால், 1946 வரை அந்தத் தலைமை அவரிடமே இருந்தது. பின்னால் வரும் வழக்கின் விசித்திரம் முழுவதும் இந்த ஒரு விவரத்தில்தான் அடங்கியிருக்கிறது. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1942 ஆகஸ்டில் தலைவர்கள் அனைவரும் கைதானார்கள். மௌலானா அகமதுநகர் கோட்டையில் வைக்கப்பட்டார். 1943 ஏப்ரலில், கல்கத்தாவில் அவருடைய துணைவியார் ஜுலைகா பேகம் காலமானார். நோய் முற்றியிருந்த நாட்களில் சிறை அதிகாரி அவரிடம் வந்து, சர்க்காருக்கு ஏதேனும் விண்ணப்பம் இருந்தால் உடனே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். விண்ணப்பம் ஏதுமில்லை என்று கூறிவிட்டார் மௌலானா. தமக்கென்று எதையும் கேட்டுப் பழகாத மனிதர் அவர்.

சிம்லாவில் முதல் முறிவு

1945 ஜூன் மாதம் விடுதலை கிடைத்தது. மெலிந்த உடம்போடு கல்கத்தா சேர்ந்து, மனைவியின் கப்ரை ஜியாரத் செய்துவிட்டு, சில நாட்களில் சிம்லா மலைக்குப் புறப்பட்டார். அங்கே வைஸ்ராய் வேவல் பிரபு கூட்டிய மாநாட்டில் காங்கிரஸின் தலைவர் என்ற முறையில் அவர் பேச வேண்டியிருந்தது.

வேவலின் திட்டம் இதுதான்: வைஸ்ராயையும் பிரதம சேனாதிபதியையும் தவிர நிர்வாக சபையில் உள்ள அனைவரும் இந்தியர்களாக இருப்பர், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இருப்பர். பெயரளவில் இது வைஸ்ராயின் நிர்வாக சபைதான். ஆயினும் நடைமுறையில் ஒரு தேசிய மந்திரிசபைக்கு இதுவே வித்து என்று எல்லோரும் கருதினர்.

முஸ்லிம்களுக்கு எத்தனை இடம் என்பதில் பெரிய தகராறு எழவில்லை. அந்த முஸ்லிம்களை யார் நியமிப்பது என்பதில்தான் எழுந்தது. முஸ்லிம் உறுப்பினர் ஒவ்வொருவரும் முஸ்லிம் லீக் கொடுக்கும் பெயராகவே இருக்க வேண்டும் என்றார் காயிதே ஆஜம் ஜின்னா. காங்கிரஸ் தன் பங்கில் முஸ்லிமையும் நியமிக்கும் உரிமையைக் கேட்டது. பஞ்சாபின் யூனியனிஸ்ட் கட்சியும் தன் முஸ்லிம் ஒருவருக்கு இடம் கேட்டது. ஜூலை 14-ந் தேதி மாநாடு தோற்றது என்று வேவல் அறிவித்தார்.

இரு பக்கத்து நியாயம்

இவ்விடத்தில் இரு பக்கத்து நியாயத்தையும் நாம் சொல்லிவிட வேண்டும். அவ்வாறு செய்யாமல் ஒருவரை மட்டும் பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது.

லீக்கின் வாதம் வெறும் வறட்டு வாதமன்று. 1945 இறுதியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில், முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட 30 இடங்களையும் லீக்கே வென்றது, ஒன்றுகூடத் தவறவில்லை. இத்தனை ஆதரவைப் பெற்ற கட்சி, முஸ்லிம்களின் சார்பில் பேச எங்களைத் தவிர எவருக்கும் உரிமையில்லை என்று சொன்னால், அதற்கு ஓர் ஆதாரம் இருக்கத்தான் செய்தது. வேறு கட்சி நியமிக்கும் ஒரு முஸ்லிமை ஏற்றுக்கொண்டால், தன் அஸ்திவாரமே ஆடிவிடும் என்று லீக் அஞ்சியது.

காங்கிரஸின் வாதமும் அதேபோல் அஸ்திவாரத்தைப் பற்றியதே. முஸ்லிமை நியமிக்கும் உரிமையைக் கைவிட்டால், அது எல்லா மக்களுக்கும் உரிய மகாசபை என்ற பெயர் போய், இந்துக்களின் சபை என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். முஸ்லிம்கள் மிகுந்த வடமேற்கு எல்லை மாகாணத்தில் டாக்டர் கான் சாகிப் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபையே நடந்துவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முஸ்லிம்தான் கட்சியின் தலைவர்! தன் தலைவரையே தன் சார்பில் நியமிக்க முடியாத கட்சி என்று ஒன்று உலகில் இருக்க முடியுமா?

ஆகவே இரு கட்சிகளுக்கும் அந்த ஒரு நாற்காலி உயிர்நாடியாகிவிட்டது. வழக்கு நடக்கும்போது, வழக்குக்குப் பொருளான மனிதரே எதிரில் அமர்ந்து காங்கிரஸின் பேச்சை நடத்திக்கொண்டிருந்தார். அந்த நிலைமை அவருக்கு எவ்வளவு சங்கடமாயிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பதினான்கு பெயர்களின் பட்டியல்

1946 மார்ச்சில் பெத்திக் லாரன்ஸ், கிரிப்ஸ், அலெக்ஸாந்தர் ஆகிய மூன்று பிரிட்டிஷ் மந்திரிகள் டில்லிக்கு வந்தனர். மே 16-ந் தேதி அவர்கள் வெளியிட்ட திட்டத்தில் பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்று மட்டும் மத்திய சர்க்காரிடம் இருக்கும். மற்றவை மாகாணங்களுக்கும் அவை சேரும் தொகுதிகளுக்கும் உரியவை. நாடும் ஒன்றாயிருக்கும், முஸ்லிம் பெரும்பான்மை மாகாணங்களின் அச்சமும் நீங்கும். ஒரு மாதத்திற்கு முன்னரே மௌலானா தம் அறிக்கையில் ஏறக்குறைய இதே வழியைக் கூறியிருந்தார். லீக்கும் காங்கிரஸும் தத்தம் விளக்கத்தோடு திட்டத்தை ஏற்றன. நல்லகாலம் பிறந்துவிட்டது போலவே இருந்தது.

ஆனால் மந்திரிசபை என்றதும் பழைய புண் மீண்டும் திறந்தது. ஜூன் 16-ந் தேதி வைஸ்ராய் 14 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். காங்கிரஸிலிருந்து நேரு, பட்டேல், ராஜேந்திர பிரசாத், ராஜாஜி, மகதாப், ஜகஜீவன்ராம் ஆகியோரும், லீக்கிலிருந்து ஜின்னா, லியாகத் அலி கான் முதலிய ஐவரும், சீக்கியர், கிறிஸ்தவர், பார்ஸி வகுப்புகளிலிருந்து மூவரும் இருந்தனர். காங்கிரஸ் சார்பில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. காந்தியடிகள் அதை ஏற்கவே கூடாது என்றார். காங்கிரஸ் காரியக் கமிட்டி நீண்டகாலத் திட்டத்தை ஏற்று, இந்த மந்திரிசபையை நிராகரித்தது.

அடுத்த மாதம் மௌலானா காங்கிரஸ் தலைமையைப் பண்டித நேருவிடம் ஒப்படைத்தார். அந்நேரத்தில் தலைமையை விட்டது தாம் செய்த பெரும்பிழை என்று பின்னாளில் தம் நூலில் வருந்தி எழுதிவைத்தார். திட்டத்தை அரசியல் நிர்ணய சபை மாற்றலாம் என்ற பொருள்பட நேரு பம்பாயில் பேசியதும், ஜூலை இறுதியில் லீக் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்ட் 16-ந் தேதி கல்கத்தா வீதிகளில் இரத்தம் ஓடியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இடைக்கால சர்க்கார்

அந்தப் புகை அடங்குமுன், 1946 செப்டம்பர் 2-ந் தேதி நேரு தலைமையில் இடைக்கால சர்க்கார் பதவியேற்றது. லீக் வெளியே நின்றது. பன்னிருவர் அடங்கிய அந்தச் சபையில் ஆஸப் அலி, ஷபாஅத் அஹ்மத் கான், சையத் அலி ஜஹீர் ஆகிய மூன்று முஸ்லிம்கள் இருந்தனர். எந்த மனிதரின் இடத்திற்காக இத்தனை காலம் வாதம் நடந்ததோ, அந்த மௌலானா அந்தப் பட்டியலில் இல்லை!

அவரை எவரும் ஒதுக்கவில்லை. சேர வேண்டுமென்று காந்தியடிகளும் நேருவும் வற்புறுத்தினர். தாம் வெளியே இருந்து பணியாற்றுவதே நலம் என்று கூறி, தமக்குப் பதில் ஆஸப் அலியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மௌலானா. இந்த முடிவு சரிதானா என்ற ஐயம் பிற்காலத்தில் அவருக்கே எழுந்ததை அவருடைய நூலில் காண்கிறோம். நமக்கோ இதில் வேறொன்று புலப்படுகிறது. உரிமைக்காக வாதாடுவது வேறு, அந்த உரிமையின் பலனைத் தாமே அனுபவிக்க விரைவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நிதானம் அவரிடம் இருந்தது.

அக்டோபர் 26-ந் தேதி லீக் உள்ளே வந்தது. இடம் கொடுப்பதற்காக சரத் சந்திர போஸ், ஷபாஅத் அஹ்மத் கான், அலி ஜஹீர் ஆகிய மூவரும் விலகினர். லீக் அனுப்பிய ஐவரில் லியாகத் அலி கான், சுந்திரிகர், நிஷ்தர், கஜன்பர் அலி கான் ஆகிய நால்வர் முஸ்லிம்கள். ஐந்தாமவர் ஜோகேந்திரநாத் மண்டல் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வங்காளி இந்து! காங்கிரஸ் ஒரு முஸ்லிமை நியமித்தால், நாங்கள் ஓர் இந்துவை நியமிப்போம் என்பது அதன் கருத்து. போட்டிக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனாலும், மத எல்லையைத் தாண்டி ஒரு கட்சி ஒருவரை நியமிக்கலாம் என்பதை லீக்கும் தன்னை அறியாமலே ஒப்புக்கொண்டதாகவே நாம் கருதுகிறோம்.

கஜானாச் சாவி

மந்திரிசபையில் பெயர்கள் ஒரு பாதி என்றால், இலாகாக்கள் மறு பாதி. லீக்குக்கு முக்கியமான இலாகா ஒன்று கொடுத்தாக வேண்டும். உள்நாட்டு இலாகாவை விட்டுக்கொடுக்க சர்தார் பட்டேல் சம்மதிக்கவில்லை. நிதியைக் கொடுத்துவிடலாம் என்று ரபி அஹ்மத் கித்வாய் யோசனை சொன்னதாகவும், லீக்கில் அதை நடத்தத்தக்கவர் இல்லையென்று காங்கிரஸார் எண்ணியதாகவும் மௌலானாவின் நூல் கூறுகிறது. ஜான் மத்தாய் கையிலிருந்த நிதி லியாகத் அலி கானிடம் சென்றது. நிதித்துறையில் தேர்ந்த உத்தியோகஸ்தரும், பிற்காலத்தில் பாகிஸ்தானின் பிரதமருமான சௌத்ரி முகம்மது அலி அவருக்குத் துணையிருந்தார்.

கணக்கு தவறிவிட்டது என்பது விரைவில் தெரிந்தது. எந்த இலாகா எதைச் செய்ய நினைத்தாலும் நிதி இலாகாவின் அனுமதி வேண்டும். புதிய நியமனமா, புதிய செலவா, எல்லாக் காகிதமும் அந்த மேஜைக்குப் போயே தீர வேண்டும். அங்கே அது நின்றால் நின்றதுதான். வீட்டுக்கு வாசல் காவலை ஒருவர் வைத்துக்கொண்டு, கஜானாச் சாவியை மற்றவரிடம் கொடுத்த கதையாயிற்று.

1947 பிப்ரவரி இறுதியில் லியாகத் அலி கான் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வியாபார லாபத்திற்கு நூற்றுக்கு 25 வீதம் வரி என்றார். வரி ஏய்ப்பை விசாரிக்கக் கமிஷன் என்றார். பெருமுதலாளிகள் பதறிப்போயினர், பின்னர் வரி வீதம் குறைக்கப்பட்டது. ஏழைகளுக்காகப் பேசிவந்த காங்கிரஸால் இதை எதிர்க்கவும் முடியவில்லை, மனமார வரவேற்கவும் முடியவில்லை. ஒரே மேஜையில் அமர்ந்தும், ஒரே மந்திரிசபையாக அவர்கள் இருக்கவில்லை. கூட்டு மந்திரிசபைக்குக் கூட்டாளிகள் மட்டும் போதாது, கூட்டு நோக்கம் ஒன்றும் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமோ?

1947 ஜனவரியில், ஆஸப் அலி அமெரிக்காவுக்குத் தூதராகச் செல்ல நேர்ந்தபோது, மௌலானா இறுதியாக உள்ளே வந்தார். கிடைத்த இலாகா கல்வி. அவர் அமர்ந்த ஐந்து மாதத்தில் பிரிவினை முடிவாகிவிட்டது. கடைசி வரை அதை விரும்பாத தலைவர்களுள் அவரும் ஒருவர். அவர் கேட்ட நாற்காலி அவருக்குக் கிடைத்தது. அவர் காக்க நினைத்த ஒற்றுமை கிடைக்கவில்லை.

சுதந்திர மந்திரிசபை

1947 ஆகஸ்ட் 15-ந் தேதி பதவியேற்ற சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரிசபையில் நேருவோடு சேர்த்து 14 பேர். காங்கிரஸை வாழ்நாளெல்லாம் கண்டித்துவந்த டாக்டர் அம்பேத்கருக்குச் சட்ட இலாகா. இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜிக்குத் தொழில். கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாருக்கு நிதி. அவரும் காங்கிரஸின் ஆளல்லர். ராஜகுமாரி அம்ரித் கௌர் என்ற பெண்மணிக்குச் சுகாதாரம். முஸ்லிம்கள் இருவர்: கல்விக்கு மௌலானா ஆஸாத், போக்குவரத்துத் தொடர்புக்கு ரபி அஹ்மத் கித்வாய்.

இப்போது எவரும் அவர் அமர்வதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவர் அமர்ந்த அந்நாளில் டில்லி நகரமே எரிந்துகொண்டிருந்தது. வீடிழந்த முஸ்லிம்கள் ஆயிரமாயிரமாகப் பழைய கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்தனர். அந்த அக்டோபரில் ஜும்மா மஸ்ஜிதில் மௌலானா பேசினார். ஊரை விட்டு ஓட வேண்டாம், இந்த மண் உங்களுடையது, முன்பு நான் எச்சரித்தபோது நீங்கள் கேட்கவில்லையே என்ற கருத்துப்பட அமைந்த அந்தப் பேச்சில் கோபமும் இருந்தது, தாய்மையும் இருந்தது. தம்மைத் தூற்றிய மக்களிடமே அவர் திரும்பிச் சென்றார் என்பதை நாம் மறக்கலாகாது.

கல்வி மந்திரியின் பதினோராண்டு

அவர் கையிலிருந்தது வலிமை மிகுந்த இலாகா அன்று. அன்றைய அரசியல் சட்டத்தின்படி கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மத்திய மந்திரி வழிகாட்டலாம், பணம் கொடுக்கலாம், நிலையங்கள் அமைக்கலாம், உத்தரவிட முடியாது. அந்த எல்லைக்குள்ளேயே அவர் செய்தவை பல.

1948-ல் பல்கலைக்கழகக் கல்வியை ஆராய டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலும், 1952-ல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை ஆராயச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலும் கமிஷன்கள் அமைந்தன. தக்க அறிஞர் தென்னாட்டில் இருந்தால் தென்னாட்டிலிருந்து அழைத்தார்கள். 1951-ல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை மௌலானா திறந்துவைத்தார். அது தொடங்கிய கட்டிடம் ஹிஜ்லி என்னும் பழைய அரசியல் கைதிகள் முகாம். சிறையில் ஆண்டுகளைக் கழித்த ஒருவர், ஒரு சிறைக்கூடம் கல்விக்கூடமாவதைக் கண்ணாரக் கண்டார்.

1953-ல் பல்கலைக்கழக மானியக் கமிஷன் வந்தது. 1953, 1954-ம் ஆண்டுகளில் இசைக்கும் நாடகத்துக்கும், இலக்கியத்துக்கும், ஓவியத்துக்கும் மூன்று அகாதமிகள் நிறுவப்பட்டன. மௌலானாவோ உருது, அரபி, பாரசீகத்தில் ஊறியவர். அவர் காலத்தில் தோன்றிய சாகித்திய அகாதமி 1955-ல் தமிழுக்கு அளித்த முதல் பரிசு, ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் தமிழின்பம் நூலுக்குக் கிடைத்தது. ஒரு வகுப்பின் பிரதிநிதி என்று மட்டும் அவர் தம்மை எண்ணியிருந்தால், இத்தனை மொழிக்கும் இத்தனை கலைக்கும் கதவு திறந்திருக்குமா?

குறைகளும் சொல்லப்பட்டதுண்டு. உயர்கல்விக்குக் காட்டிய வேகம் ஆரம்பக் கல்வியில் இல்லை என்பர். மக்களோடு நெருங்கிப் பழகாத ஒதுக்கமான சுபாவம் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் 1958 பிப்ரவரி 22-ந் தேதி அவர் வபாத்தாகும் வரை, அந்த நாற்காலியைத் தம் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்று எவரும் சொன்னதில்லை. ஜும்மா மஸ்ஜிதுக்கும் செங்கோட்டைக்கும் இடையே அவர் அடக்கமாகியிருக்கிறார். அவர் சொல்ல ஹுமாயூன் கபீர் எழுதிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. மூடி முத்திரையிடப்பட்ட அதன் முப்பது பக்கங்கள் 1988-ல் திறக்கப்பட்டன. 1992-ல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 2008 முதல் அவருடைய பிறந்த நாள் இந்தியாவில் தேசியக் கல்வி நாளாக அனுசரிக்கப்படுகிறது.

முடிவாக ஒரு சொல். பல இனங்கள் கூடி வாழும் எந்த நாட்டிலும் மந்திரிசபையில் நமக்கு இடம் வேண்டும் என்று கேட்பது நியாயமே. இடம் இல்லாதவன் குரல் எட்டாது. ஆயினும் இடம் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த இடத்தில் அமர்பவர் எல்லோருக்கும் உரியவராக நடந்தால்தான், அவரை அனுப்பிய மக்களுக்கும் பெருமை, அந்த இடத்துக்கும் மதிப்பு. மௌலானாவின் நாற்காலியைப் பற்றி வழக்காடிய கட்சிகள் எத்தனையோ காரணம் கூறின. அவர் அமர்ந்த பிறகு ஆற்றிய பணியோ எல்லா வகுப்பாரின் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய வரலாறு இது.